உவர் வெளியில் மரம் நடாதீர்கள்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி ஊடாகக் குச்சவெளி செல்லும் வீதியை அண்டிய உவர் வெளிகளில் பறவைகளைக் கணக்கெடுப்பது என் தொழில். இந்த ஆண்டும் ஆட்காட்டிகள் அடைகாத்துக்கொண்டிருந்த வெளியொன்றில் கிடங்கு வெட்டிச் சவுக்கங்கன்றுகளை நட்டு, பதாகையும் கட்டியிருந்தார்கள். நட்டவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், மரம் நட்டால் பறவை வரும் என்ற எண்ணம் எத்தனை கூடுகளை அழிக்கிறது என்பதை இனியும் சொல்லாமலிருக்க முடியவில்லை.

எல்லாப் பறவைகளும் மரத்தில் கூடு கட்டுவதில்லை. ஆட்காட்டி, உப்புக்கொத்தி, சின்ன ஆலா ஆகியவை வெறுந்தரையில் முட்டையிடுபவை. நாயோ கீரியோ தொலைவில் வரும்போதே கண்டு, முட்டைகளை விட்டு ஓசையின்றி விலகி, எதிரியின் கவனத்தை வேறு திசைக்கு இழுப்பதே அவற்றின் தற்காப்பு. அதற்குத் தடையற்ற பார்வை வேண்டும். அங்கே வளரும் மரம் அந்தப் பார்வையை மறைப்பதோடு, காகம் அமர்ந்து கூடுகளை நோட்டமிடக் கிளையும் கொடுக்கிறது. மாரியில் நீர் நின்று கோடையில் வெடித்துக் கிடக்கும் இந்த நிலத்தை வெறும் தரிசு என்று கருதி ஒருவர் கிறவல் கொட்டி நிரப்புகிறார், இன்னொருவர் சோலையாக்க முனைகிறார்; பறவைக்கு இரண்டும் ஒன்றுதான். மகாவலி வெள்ளம் பரவும் வில்லுப் புல்வெளிகளுக்கும் இதே ஆபத்து உண்டு.

ஆட்காட்டியின் கூடு என்பது சிறு கற்கள் சூழ்ந்த ஒரு குழி மட்டுமே. கூர்முனைகள் உள்நோக்கியிருக்க நான்கு முட்டைகள், சேற்று நிறத்தில் கரும்புள்ளிகளோடு கிடக்கும். காலடியில் இருந்தாலும் கண்ணுக்குப் படாது. உச்சி வெயிலில் தாய் வயிற்று இறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். படம் எடுப்பதற்காக நாம் அதை விரட்டி நின்றால், அந்த வெயிலிலேயே கரு வெந்துவிடும்.

கோடையில் நிலாவெளிக்கு உல்லாசப் பயணிகள் கூடும் மாதங்களே இவற்றின் இனப்பெருக்க காலமுமாகும். 2023 இல் தனி இனமாகப் பிரிக்கப்பட்ட அனுமன் உப்புக்கொத்தி, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் குஞ்சு பொரிக்கும் பறவை என்பதால் நமது பொறுப்பு இன்னும் கூடுகிறது. 1937 ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால், கூடு இருப்பதே தெரியாமல் மண் கொட்டுபவரை அது எப்படித் தடுக்கும்?

ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை உவர் வெளிக்குள் மோட்டார் சைக்கிளையோ ஜீப்பையோ இறக்காதீர்கள். நாயை அவிழ்த்து விடாதீர்கள். உணவுக் கழிவைக் கொட்டிக் காகங்களைப் பெருக்காதீர்கள். தலைக்கு மேல் ஆட்காட்டி கத்திச் சுற்றினால், வந்த வழியே திரும்புங்கள். அசையாமல் படுத்திருக்கும் குஞ்சைத் தாயற்றது என்றெண்ணித் தூக்கி வராதீர்கள். தாய் அருகில்தான் நிற்கிறது, நீங்கள் விலகியதும் வந்துவிடும். கன்று நட விரும்பும் பாடசாலைகளையும் சங்கங்களையும் பணிவோடு கேட்கிறேன்: வீட்டு வளவிலும் வீதியோரத்திலும் நடுங்கள், உவர் வெளிதான் என்றால், முதலில் விடியற்காலையில் ஒரு முறை போய், ஓரமாக நின்று, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.