வாசற்படியோடு நின்றுவிடும் சட்டம்

மூச்சு இரைக்கிறது என்று தூக்கி வரும் குழந்தைகளுக்கு, மருந்தை ஆவிபோல மூச்சில் கொடுக்கும் நெபுலைசர் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நான் பெற்றோரிடம் பேச்சுக் கொடுப்பேன். முன்பெல்லாம் "வீட்ல யாராவது சிகரெட் புடிப்பாங்களா?" என்று கேட்பேன். "சேச்சே, யாரும் இல்ல டாக்டர்" என்பார் அப்பா. அவர் சட்டைப் பையிலேயே பாக்கெட் தெரியும். அதனால் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "எங்க நின்னு புடிப்பீங்க?" இதற்கு உண்மையான பதில் வருகிறது. பால்கனியில். பாத்ரூமில். தாத்தா என்றால் திண்ணையில், பீடி. காரில், கண்ணாடியை இறக்கிவிட்டு.

சொல்லும்போது ஒரு பெருமையும் தெரியும். பிள்ளை முன்னால் பிடிப்பதில்லை என்று. நானும் விடுதி நாட்களில் பிடித்தவன்தான், அந்தச் சமாதானம் எனக்கும் பழக்கம். ஆனால் பால்கனிக் கதவு இடுக்கு வழியாகப் புகை உள்ளே வரும். பாத்ரூமில் பிடித்தது அடுத்து குளிக்கப் போகும் குழந்தைக்காகக் காத்திருக்கும். சட்டையிலும் மெத்தையிலும் படிந்த நச்சு, தவழும் பிள்ளையின் கை வழியாக வாய்க்குப் போகும். குழந்தையின் மூச்சுக்குழல் குறுகலானது. பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடும். அதே அறையில் உட்கார்ந்திருந்தாலும் உடம்பின் அளவுக்குப் பார்த்தால் நம்மைவிட அதிகமாகவே இழுக்கும். இளைப்பு, நிமோனியா, திரும்பத் திரும்ப வரும் காதுச் சீழ், பச்சிளங்குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோவது இவற்றுக்கெல்லாம் அடுத்தவர் புகையோடு தொடர்பு உண்டு. இந்தப் புகையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 2006லேயே சொல்லிவிட்டது.

சரி, சட்டம் என்ன செய்கிறது? பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் உத்தரவிட்டது. 2003இல் புகையிலைப் பொருள்கள் சட்டம் வந்தது. 2008 காந்தி ஜெயந்தி முதல் அதன் விதிகள் இறுகின. மருத்துவமனை, பள்ளி, பேருந்து, உணவகம், அலுவலகம் என எங்கே பிடித்தாலும் 200 ரூபாய் வரை அபராதம். திறந்தவெளிதானே என்று பேருந்து நிறுத்தத்தில் பற்றவைப்பவர்களுக்கு ஒரு தகவல்: பேருந்து நிறுத்தமும் ரயில் நிலையமும் திறந்தவெளிக் கணக்கில் வராது, அங்கேயும் தடைதான். அந்த இடத்தின் பொறுப்பாளர் 'புகைபிடிக்கக் கூடாது' பலகை வைக்க வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதையும் கொடுக்கக் கூடாது. தடுக்காமல் விட்டால் அவருக்கும் அபராதம் உண்டு. ஆகவே குழந்தையோடு போன உணவகத்தில் பக்கத்து மேசையில் புகைந்தால், புகைப்பவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். மேலாளரைக் கூப்பிடுங்கள். பொறுப்பு அவருடையது. (30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகம் தனி அறை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஓட்டையும் அதே சட்டத்தில் இருக்கிறது. காற்றுக்கு எந்த அறை என்று தெரியுமா என்ன!)

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் விற்கக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது. இளைப்புக்காக என்னிடம் வரும் ஒன்பது வயதுப் பையன் ஒருவன், அப்பாவுக்கு எந்த பிராண்ட், என்ன விலை என்று ஒப்பித்தான். தினமும் வாங்கி வருவது அவன்தானாம். கடைக்காரர் செய்வது குற்றம். அனுப்பி வைக்கும் அப்பாவுக்கு அது தெரியவே தெரியாது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவின்படி, குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். அதே புகையை மூடிய அறையில் இரவெல்லாம் சுவாசிக்க வைத்தால் 2003 சட்டத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. என் கேள்விக்கு வந்த பதில்களை மறுபடி பாருங்கள்: பால்கனி, பாத்ரூம், திண்ணை, சொந்தக் கார். எதுவும் 'பொது இடம்' இல்லை. 2016–17இல் நாடு தழுவி எடுத்த கணக்கெடுப்பில், வீட்டுக்குள் அடுத்தவர் புகையைச் சுவாசிப்பதாகச் சொன்ன பெரியவர்கள் 38.7 சதவீதம். பொது இடங்களில் அது 25.7தான். பிள்ளைகள் எங்கே அதிக நேரம் இருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

படுக்கையறைக்குள் போலீஸ் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது நடக்கவும் நடக்காது. ஆனால் கார் அப்படியில்லை, அது சாலையில் ஓடுவது. இங்கிலாந்தில் 2015 அக்டோபர் 1 முதல், பதினெட்டு வயதுக்குட்பட்டவர் இருக்கும் காரில் புகைத்தால் 50 பவுண்டு அபராதம். கண்ணாடி இறக்கியிருந்தாலும் விடமாட்டார்கள். புகைத்தது வேறு ஆளாக இருந்தாலும், தடுக்காத ஓட்டுநருக்கும் சேர்த்து விழும். தெற்கு ஆஸ்திரேலியா 2007லேயே இப்படிச் சட்டம் போட்டது. அங்கேயும் "என் கார், என் இஷ்டம்" என்ற பேச்சு எழாமல் இல்லை. ஆனால் சட்டத்துக்குப் பிறகு, காரில் புகை சுவாசிக்க நேர்வதாகச் சொன்ன இங்கிலாந்துப் பதின்வயதினரின் எண்ணிக்கை நன்றாகவே குறைந்தது. சீட் பெல்ட் போடவில்லை என்று வண்டியை ஓரங்கட்டும் நம் ஊர் போக்குவரத்துக் காவலர், பின்சீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு புகைவிடுபவரையும் நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்?

அதுவரை என் கையில் இருப்பது மருந்துச் சீட்டுதான். குழந்தையின் பஃப், சிரப் எல்லாம் எழுதி முடித்து, கடைசி வரியில் 1800-11-2356 என்று எழுதுகிறேன். புகையிலையை விட விரும்புபவர்களுக்கான தேசிய உதவி எண், கட்டணம் இல்லை. போன மாதம் ஒரு பாட்டி சீட்டை வாங்கி அந்த வரியில் விரல் வைத்து, "இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா டாக்டர்?" என்று கேட்டார். பேத்திக்கு இல்லை என்றேன். பாட்டி மகனைத் திரும்பிப் பார்த்தார். அவர் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், பாக்கெட் இருந்த அதே பையில்.