வலி வர மருந்து வைத்தால் சிசேரியன்தானா?

ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் தலைப்பிரசவப் பெண்கள், அவர்களைவிட அதிகமாக அவர்களின் அம்மாக்கள், இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை.

மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பி வந்தார்கள். பழைய ஆய்வுகள் பலவும் மருந்து வைத்தவர்களைத் தானாக வலி வந்தவர்களோடு ஒப்பிட்டன. ஆனால் 39ஆவது வாரத்தில் வலி வேண்டும் என்றால் வந்துவிடுமா? காத்திருக்கத்தான் முடியும். காத்திருப்பவர்களில் சிலருக்கு வலி வரும், சிலருக்கு பிரஷர் ஏறும், சிலருக்கு நாள் தள்ளிப்போய் எப்படியும் மருந்து வைக்க வேண்டிவரும்.

2018ல் வெளியான 'அரைவ்' என்ற அமெரிக்க ஆய்வு சரியான ஒப்பீட்டைச் செய்தது. வேறு சிக்கல் இல்லாத 6,106 தலைப்பிரசவப் பெண்கள். 39ஆவது வாரத்தில் மருந்து வைக்கும் பிரிவில் 18.6 சதவீதம் பேருக்குச் சிசேரியன். காத்திருக்கும் பிரிவில் 22.2 சதவீதம். பிரஷர் தொந்தரவும் 14.1க்குப் பதில் 9.1 சதவீதம்தான். குழந்தைகளின் நலத்தில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

சரி, எல்லோரும் 39ல் அட்மிட் ஆகிவிடலாமா? அந்தப் பெண்களுக்கெல்லாம் ஆரம்பகால ஸ்கேனில் தேதி உறுதியாகியிருந்தது. ஏழாம் மாதத்துக்குப் பிறகு எடுத்த ஸ்கேனை மட்டும் கொண்டுவருபவர்களுக்குத் தேதி இரண்டு மூன்று வாரம் முன்பின் இருக்கலாம். 39 என்று நினைத்தது உண்மையில் 37ஆக இருந்தால், குழந்தைக்கு மூச்சுத் திணறும் வாய்ப்பு கூடும்.

அதைவிடப் பெரிய விஷயம் பொறுமை. கர்ப்பப்பை வாய் கெட்டியாக மூடியிருந்தால் முதலில் ஜெல்லோ பலூனோ வைத்து இளக்க வேண்டும். வலியைக் கூட்டும் ட்ரிப் அப்புறம்தான். தாயும் சேயும் நன்றாக இருக்கும்வரை, பனிக்குடம் உடைந்தபின் ட்ரிப் குறைந்தது 12 முதல் 18 மணி நேரமாவது ஓடாமல் 'மருந்து வேலை செய்யவில்லை' என்று முடிவுகட்டக் கூடாது. காலையில் மருந்து, மாலையில் ஆபரேஷன் தியேட்டர் என்றால் பழியை மருந்தின்மேல் போடுவது நியாயமில்லை. 'ராகு காலத்துக்கு முன்னாடி எடுத்திடுங்க' என்று வெளியே நிற்கும் பெரியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன்; அரசு மருத்துவமனைகளில் 36.

எந்தச் சிக்கலும் இல்லையென்றால் 41 வாரம் நிறைந்ததும் மருந்து வைக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சர்க்கரை, பிரஷர் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தேவைப்படலாம். உங்கள் டாக்டர் நாள் குறித்தால், எந்த ஸ்கேனை வைத்துக் குறித்தார், கர்ப்பப்பை வாய் எப்படி இருக்கிறது, எவ்வளவு நேரம் பார்ப்பார் என்று கேளுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தால் மட்டும் குறித்த நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.