ஹேண்ட்ஸ் ஃப்ரீ ஓட்டம்: தமிழில் என்ன சொல்லலாம்?

நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம். ஓட்டுபவரின் இரண்டு கைகளும் மடிமேல் இருக்கின்றன. ஸ்டீயரிங்கின் மேல்வளைவில் பச்சைக் கோடாக ஒரு விளக்கு எரிகிறது. அவர் சன்னல் பக்கம் எதையோ பார்க்கத் திரும்புகிறார். சில நொடிகளில் அந்தப் பச்சைக் கோடு சிமிட்டத் தொடங்குகிறது. அப்போதும் அவர் கண் சாலைக்குத் திரும்பாவிட்டால் கோடு சிவப்பாகிறது, எச்சரிக்கை தொடங்குகிறது. ஸ்டீயரிங் தண்டின் மேல் பொருத்திய சிறிய அகச்சிவப்புக் கேமரா ஒன்று இவ்வளவு நேரமும் அவருடைய தலையையும் கண்ணையும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் 'சூப்பர் குரூஸ்' இப்படி வேலை செய்கிறது. 2018ஆம் ஆண்டு மாடல் காடிலாக் சிடி6 காரில் அது முதலில் வந்தது.

இந்த வகை ஓட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ' என்று பெயர். கைக்கு விடுப்பு உண்டு, கண்ணுக்கு இல்லை. பெயரிலோ கண்ணைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. தமிழில் பெயர் வைக்கும்போதாவது இந்தக் குறையைச் சரி செய்ய முடியுமா என்று பார்க்கலாம்.

முதலில் 'ஃப்ரீ' என்ற சொல். ஆங்கிலத்தில் ஒரு பெயரோடு அது பின்னொட்டாகச் சேர்ந்தால் 'இல்லாத' என்று பொருள் தரும். சர்க்கரை இல்லாத பானத்துக்கு அப்படித்தான் பெயர் வைக்கிறார்கள். தனியாக வந்தால் விடுதலை, தடையின்மை. ஹேண்ட்ஸ் ஃப்ரீயில் இரண்டும் கலந்திருக்கிறது: கையின் வேலை இல்லாதது, கைக்கு விடுதலை தருவது. ஆனால் பேச்சுத் தமிழுக்குள் வந்த 'ஃப்ரீ'க்கு வேறு வாழ்க்கை. ஒன்று, இலவசம். இன்னொன்று, 'சாயங்காலம் ஃப்ரீயா இருக்கியா?' என்று கேட்கிறோமே, அந்த ஓய்வு. ஆகவே 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ கார்' என்றதும் நம் காதில் விழுவது 'ஓட்டுகிறவருக்கு வேலை இல்லை' என்பதுதான். நான் அஞ்சுவது இந்தப் பொருளைப் பற்றித்தான்.

காருக்கு முன்பே இந்தச் சொல் போனோடு தமிழுக்கு வந்துவிட்டது. காதில் மாட்டும் ஒயரையே பலர் 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ' என்பார்கள். அங்கேயும் இதே சிக்கல் இருந்தது. போனைக் கையில் பிடிக்காமல் பேசினாலும் ஓட்டுபவரின் கவனம் பேச்சில் போய்விடுகிறது என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். கை சும்மா இருப்பதால் மனமும் சாலையில் இருக்கும் என்று ஆகிவிடாது.

கையை எடுத்துக் காட்டும் ஆசை பழையது. 1914 ஜூனில் பாரிஸுக்கு அருகே சேன் ஆற்றின் மேல் லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற இளைஞர் பறக்கும் படகு ஒன்றை ஓட்டினார். கீழே நடுவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். கூட வந்த மெக்கானிக் இறக்கைமேல் ஏறி நடந்தார். சுழலும் ஜைராஸ்கோப்புகள் விமானத்தைச் சாயாமல் பிடித்துக்கொண்டன. ஆட்டோபைலட் கதை அங்கே தொடங்குகிறது என்று சொல்லலாம்.

அந்தப் பெயர் காருக்கு வந்தது 1958இல். பார்வையற்ற பொறியாளரான ரால்ஃப் டீட்டர், வேகத்தை ஒரே அளவில் நிறுத்தும் கருவிக்கு 1950இல் காப்புரிமை பெற்றிருந்தார். நாம் இன்று குரூஸ் கன்ட்ரோல் என்பது அதுதான். கிரைஸ்லர் நிறுவனம் அதைத் தன் காரில் வைத்து விற்றபோது சூட்டிய பெயர் 'ஆட்டோ பைலட்'. அந்தக் கருவிக்கு ஸ்டீயரிங்கைத் தொடவே தெரியாது! கருவி செய்வதைவிடப் பெரிய பெயரை அதற்கு வைக்கும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். ஹேண்ட்ஸ் ஃப்ரீயைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கைவிட்ட ஓட்டம்' என்று வரும். கைவிடுதல் என்றால் தமிழில் துறந்துவிடுதல், காப்பாற்றாமல் போதல். பெற்றவர்களைக் கைவிட்ட பிள்ளைகள் என்போம். கையை எடுப்பது ஒன்று, கைவிடுவது வேறு என்று நம் மொழி ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. 'கையற்ற' என்று மாற்றினாலும் சிக்கல் தீராது. கையறுநிலை என்பது தலைவனை இழந்தவர்கள் செய்வதறியாமல் புலம்பும் புறத்திணைத் துறை. 'கையில்லா' என்றால் கையே இல்லை என்று பொருள்பட்டுவிடும்.

'கைதொடா' பொருந்துகிறது. கை தொடாமல் நடப்பது, அவ்வளவுதான். கை பக்கத்திலேயே இருக்கிறது, வேண்டும்போது தொடும் என்ற குறிப்பும் அதில் இருக்கிறது.

அடுத்தது 'அசிஸ்டன்ஸ்'. செய்தித்தாள்களில் 'ஓட்டுநர் உதவி அமைப்பு' என்று வருகிறது. தவறில்லை. ஆனால் உதவி என்பது நம்மால் முடியாததை இன்னொருவர் செய்து கொடுத்துவிட்டுப் போவதாகவும் இருக்கலாம். துணை அப்படி அல்ல. இருட்டில் வெளியே போக வேண்டிய குழந்தை 'துணைக்கு வர்றியா?' என்று கேட்கிறது. துணைக்கு வருகிறவர் கூடவே வருவார். நடப்பது குழந்தைதான். இந்த அமைப்புகளின் உண்மையான தகுதி இதுதான். 'வழித்துணை' என்ற அழகான சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை: கைதொடா வழித்துணை.

சிலர் இதையும் 'தானியங்கி கார்' என்று எழுதிவிடுகிறார்கள். அதை விட்டுவிட வேண்டும். எஸ்.ஏ.இ என்ற பொறியாளர் அமைப்பு 2014இல் வெளியிட்ட தரநிலை, ஓட்டும் தானியக்கத்தைச் சுழியம் முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. கையை எடுக்கவிடும் சூப்பர் குரூஸ், ஃபோர்டின் ப்ளூ குரூஸ், 2019இல் ஜப்பானில் வந்த நிஸானின் புரோபைலட் 2.0 எல்லாமே 2ஆம் நிலைதான். அந்த நிலையில் ஓட்டுநர் மனிதர்தான். 3ஆம் நிலையில்தான், குறிப்பிட்ட சூழ்நிலைகளுக்குள் மட்டும், ஓட்டும் பொறுப்பு இயந்திரத்துக்குப் போகிறது. ஜெர்மனியில் மெர்சிடிஸின் டிரைவ் பைலட் 2022இல் அப்படி விற்பனைக்கு வந்தபோது அதன் உச்ச வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். மனிதரே வேண்டாத வண்டி இன்னும் மேல்நிலையில் இருப்பது. அதற்குச் சொல் தேடுபவர்கள் புறநானூற்றின் 27ஆம் பாட்டைப் பார்க்கலாம்: 'வலவன் ஏவா வான ஊர்தி'. வலவன் என்றால் தேரோட்டி. அவன் ஏவாமலே செல்லும் விண்ணூர்தி பற்றிய கற்பனை அது. வலவன் ஏவா ஊர்தி என்ற சொல்லை அந்த வண்டிக்கு வைத்துக்கொள்ளலாம். இன்று கையை எடுக்கவிடும் கார்களில் வலவன் இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஏவவும் வேண்டியிருக்கிறது.

இனி 'ரிலையபிலிட்டி'. நம்பகத்தன்மை என்று எழுதுகிறோம். இங்கே ஒரு வேறுபாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நம்பகம் கருவியில் இருப்பது. நம்பிக்கை நமக்குள் இருப்பது. இரண்டும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை.

இந்த வண்டிகளை ஓட்டுபவர்கள் சொல்வதில் இது தெளிவாகத் தெரிகிறது. முதல் சில நாள் கை ஸ்டீயரிங்குக்கு ஒரு விரல் தூரத்தில் மிதந்துகொண்டே இருக்கும். பிறகு மடிக்கு இறங்கும். நீண்ட பயணத்தில் தோள்வலி குறைந்தது, இறங்கும்போது களைப்பு இல்லை என்று மகிழ்ச்சியாகச் சொல்கிறார்கள். அது உண்மையான நன்மை, குறைத்துப் பேச வேண்டியதில்லை. அதே ஆட்கள் இதையும் சொல்கிறார்கள்: சாலைப்பணி நடக்கும் இடத்தில் பழைய தடக்கோடு, புதிய தடக்கோடு இரண்டையும் பார்த்து வண்டி குழம்புகிறது, பக்கச் சாலை வந்து சேரும் இடத்தில் தடம் அகன்றதும் வண்டி நடுவைத் தேடி இழுக்கிறது, எதிர்வெயிலிலும் கொட்டும் மழையிலும் கைவிரித்துவிடுகிறது. கைவிரித்தல், 'என்னால் ஆகாது' என்பதற்கு நாம் சொல்லும் சொல். இந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. கைவிரிப்பதும் நல்லதுதான், முன்கூட்டியே விரித்தால்.

ஆனால் எல்லாத் தவறுக்கும் முன்னறிவிப்பு வராது. ஓட்டுபவர்கள் மிகவும் வெறுப்பது ஒன்றுமில்லாத சாலையில் வண்டி திடீரென்று பிரேக் போடுவதை. ஆங்கிலத்தில் இதற்குப் பேயின் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் 'பொய் பிரேக்' என்பேன். இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. சாலைக்கு மேலே தொங்கும் பலகை, பாலத்தின் அடிப்பகுதி, ஓரத் தடுப்பு என்று அசையாத பொருள்கள் எத்தனையோ ராடாரில் எதிரொலிக்கின்றன. எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி ஓடாது. அதனால் அசையாதவற்றில் பலவற்றைப் பொருட்படுத்தாமல் விடும்படி மென்பொருளை எழுதுகிறார்கள். நடுத்தடத்தில் பழுதாகி நிற்கும் காரும் அசையாத பொருள்தானே!

2024 பிப்ரவரியில் டெக்சஸின் சான் அன்டோனியோவிலும் மார்ச்சில் ஃபிலடெல்பியாவிலும் இரவு நேரத்தில் ப்ளூ குரூஸ் பொருத்திய கார்கள் நெடுஞ்சாலையில் நின்றிருந்த வண்டிகள்மேல் மோதின. இரண்டிலும் சேர்த்து மூன்று பேர் இறந்தார்கள். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஏப்ரலில் விசாரணை தொடங்கி, 2025 ஜனவரியில் அதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனது. மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டரும் அதற்கு மேலும் போகும்போது, பொய் எச்சரிக்கைகளைத் தவிர்ப்பதற்காக நிற்கும் பொருள்களுக்கான எதிர்வினை வடிவமைப்பிலேயே மட்டுப்படுத்தப்பட்டிருந்ததை அப்போது அது குறிப்பிட்டது. ஒரு குறையைக் குறைத்த இடத்தில் இன்னொன்று வளர்ந்திருக்கிறது.

அந்த இடத்தில் காப்பாற்ற மிஞ்சியிருப்பது மனிதரின் கண் மட்டுமே. அந்தக் கண்ணும் சலித்துப்போகும். 1948இல் நார்மன் மக்வொர்த் ஒரு முள் சுற்றும் வட்டைப் பல மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிச் சோதித்தார். முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும்; அதைக் கண்டால் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்துக்குள்ளேயே தவறவிடுவது கூடிவிட்டது. சரியாக ஓடும் இயந்திரத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது நமக்கு வராத வேலை. ஆகவேதான் ஓட்டுபவரைக் கண்காணிக்கும் கேமராவும் எச்சரிக்கையும் இவ்வளவு முக்கியம். அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ் என்ற காப்பீட்டுத்துறை ஆய்வு நிறுவனம் 2024 மார்ச்சில் 14 அமைப்புகளில் இந்தப் பாதுகாப்புகளை மட்டும் மதிப்பிட்டது. 11 அமைப்புகள் 'மோசம்' என்ற தரமே பெற்றன. 'நன்று' ஒன்றுக்கும் கிடைக்கவில்லை.

கடைசியாக 'டேக் ஓவர்', அதாவது ஓட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லும் அழைப்பு. இதற்குக் 'கட்டுப்பாட்டை மீளப்பெறுதல்' என்று நீட்ட வேண்டாம். 'கைமாற்று' என்ற சொல் இருக்கிறது. சீட்டு எழுதாமல் வாங்கும் சிறு கடனுக்கும் அதுதான் பெயர். அந்தக் கடனைத் திருப்பித் தர நாள் குறிப்பதில்லை. இங்கேயும் ஸ்டீயரிங் எந்த நொடியில் திரும்பி வரும் என்று யாரும் குறித்துத் தருவதில்லை.

ஆனால் வண்டித் திரையில் அந்த நொடியில் தோன்ற வேண்டியது கைமாற்றும் இல்லை. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு முப்பது மீட்டர் கடந்துவிடுகிறோம். 'ஓட்டுநர் உடனடியாகக் கட்டுப்பாட்டை ஏற்கவும்' என்று படித்து முடிப்பதற்குள் அறுபது மீட்டர் போய்விடும். திரையைத் தமிழாக்குகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டெழுத்து: 'பிடி!'