'டெப்த்' என்றால் ஆழம் இல்லை

மார்ச் மாதம் வந்தால் என்.எச்.எல். என்ற வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி பார்க்கிறவர்களுக்கு வேறு பேச்சே கிடையாது, யாரை டிரேட் பண்ணலாம், யாரை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். அதில் ஓயாமல் அடிபடுகிற சொல் 'டெப்த் டிஃபென்ஸ்மேன்'. சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'ஆழமான தடுப்பாட்டக்காரர்' என்று வரும். கேட்டால் கிணறு வெட்டுகிற ஆள் மாதிரி இருக்கும்.

இந்த 'டெப்த்' ஆளைப் பற்றியது இல்லை, அணியைப் பற்றியது. ஒரு ஆட்டத்துக்கு 20 பேர், பெரும்பாலும் 12 முன்வரிசை ஆட்டக்காரர்கள், 6 தடுப்பாட்டக்காரர்கள், 2 கோல்காப்பாளர்கள். அந்த ஆறு பேரும் மூன்று ஜோடி. 60 நிமிட ஆட்டத்தில் முதல் ஜோடிக்காரர் 24, 25 நிமிடம் பனியில் இருப்பார், மூன்றாம் ஜோடிக்காரருக்கு 15 நிமிடம் கிடைப்பதே பாடு. ஏழாவதாகவும் ஒருவர் உண்டு, அவர் கோட்டு சூட்டோடு மேலே உட்கார்ந்து பார்ப்பார். பட்டியலை மேலிருந்து படித்துக்கொண்டே போனால் எத்தனையாவது பெயர் வரைக்கும் நம்பி இறக்கலாம் என்பதைத்தான் 'டெப்த்' என்கிறார்கள். இதற்குத் தமிழில் கடைக்காரர்கள் தினமும் சொல்கிற சொல்லே இருக்கிறது: இருப்பு. 'இருப்புத் தடுப்பாட்டக்காரர்' என்றால் யாருக்கும் புரியும். 'மாற்று ஆட்டக்காரர்' சரிவராது, மூன்றாம் ஜோடிக்காரர் யாருக்கும் மாற்று இல்லை, தினமும் ஆடுகிறவர். 'கடைநிலை' என்று எழுதினால் பாவம், அவர் அம்மா படித்தால் வருத்தப்படுவார்.

அடுத்தது 'டிரேட்'. பதினான்காம் நூற்றாண்டு வாக்கில் வட ஜெர்மன் கடற்கரைப் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் இது, அங்கே இதற்குப் பொருள் தடம், கப்பல் போகும் வழி. மிதிப்பதைக் குறிக்கும் 'டிரெட்' இதற்கு உறவு. வழக்கமாகப் போகும் வழி, பிறகு வழக்கமாகச் செய்யும் தொழில், அதன்பிறகுதான் வியாபாரம். பள்ளியில் 'வியாபாரக் காற்று' என்று மனப்பாடம் செய்தோமே, அது உண்மையில் தடம் மாறாமல் வீசுகிற காற்று, வியாபாரத்துக்கும் அந்தப் பெயருக்கும் முதலில் சம்பந்தமே இல்லை.

ஹாக்கியில் இதை எப்படிச் சொல்வது? 'ஆள்மாற்றம்' என்று ஆரம்பித்தால் அடுத்த வரியில் ஆள்மாறாட்ட வழக்கு என்று வாசிப்பார்கள். 'கைமாற்று' என்றால் நாளைக்குத் திருப்பித் தர வேண்டிய ஐந்நூறு ரூபாய். நம் விளையாட்டுப் பக்கங்கள் ஐபிஎல்லுக்கு 'வீரர் பரிமாற்றம்' என்று எழுதுகின்றன, சரிதான். ஆனால் 2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியா மும்பைக்கு முழுக்கப் பணத்துக்கே போனார், அது பெயருக்குத்தான் பரிமாற்றம், நடந்தது விற்பனை. என்.எச்.எல்லில் இப்போது கைமாறுவது ஆட்டக்காரர்களும், வருங்கால இளைஞர் தேர்வில் சுற்றுச் சுற்றாக ஆள் எடுக்கும் உரிமைகளும் (முதல் சுற்றுக்குத்தான் மதிப்பு அதிகம்). அதாவது அசல் பண்டமாற்று, உப்பைக் கொடுத்து நெல் வாங்கிய உமணர் கணக்கு. (1993இல் வின்னிபெக் அணி கிரிஸ் டிரேப்பர் என்ற முன்வரிசைக்காரரை ஒரே ஒரு டாலருக்கு டெட்ராய்ட்டிடம் கொடுத்ததும் நடந்திருக்கிறது. அவர் அங்கே போய் ஸ்டான்லி கோப்பையை, அதாவது என்.எச்.எல். பட்டத்தை, நான்கு முறை வென்றார்.)

இருப்பு ஆளுக்கு எவ்வளவு நெல் வரும் என்பதில்தான் தலைவலி. லூக் ஷெனை எடுத்துக்கொள்வோம். 2008 தேர்வில் ஐந்தாவது இடத்தில் டொராண்டோ எடுத்த பையன், நட்சத்திரமாக வருவார் என்று நினைத்தார்கள், ஆனார் உடம்பால் முட்டித் தடுக்கிற மூன்றாம் ஜோடிக்காரராக. தாம்பா பே அணியோடு 2020, 2021 கோப்பைகள் அவர் கையில். 2023 பிப்ரவரியில் வான்கூவர் அவரை ஒரே ஒரு மூன்றாம் சுற்று உரிமைக்கு டொராண்டோவிடமே திருப்பிக் கொடுத்தது. ஆனால் 2021இல் டேவிட் சவார்டுக்காகத் தாம்பா முதல் சுற்று உரிமையையே கொடுத்தது, அந்த வருடம் கோப்பையும் வந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை. இருவருமே மட்டையை வலப்பக்கம் பிடிப்பவர்கள், அந்தப் பக்கத்துக்கு ஆள் பஞ்சம் என்பதால் விலை எப்போதும் கொஞ்சம் கூட.

விற்கிற அணிக்கு மூன்றாம் சுற்று உரிமை என்பது ஒரு லாட்டரிச் சீட்டு, அந்தப் பையன் தேறினாலும் பல வருடம் ஆகும். வாங்குகிற அணிக்கோ கோப்பைக்கு நான்கு சுற்று, அதிகபட்சம் 28 ஆட்டம், இரண்டு மாதம். சுமார் 170 கிராம் ரப்பர் வட்டு பறந்து வரும்போது காலைக் குறுக்கே வைப்பதுதான் இவர்கள் வேலை, ஒரு கணுக்கால் போனால் ஏழாவது ஆள் அடுத்த ஆட்டத்துக்கே சூட்டைக் கழற்ற வேண்டும். என்னைக் கேட்டால், கோப்பை எட்டும் தூரத்தில் இருக்கிற அணி தன் ஏழாவது ஆளை மூன்றாம் சுற்றுக்குக் கொடுப்பது, மழைக்காலம் தொடங்கும்போது குடையை விற்பது மாதிரி. கடைசி இடத்தில் கிடக்கிற அணி தாராளமாகக் கொடுக்கலாம்.

அப்புறம் ஷென் கதை அதோடு முடியவில்லை. 2025 மார்ச்சில் நாஷ்வில் அவரைப் பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்தது, அவர்கள் இரண்டே நாளில் வின்னிபெக்குக்குத் தள்ளிவிட்டார்கள், பிட்ஸ்பர்க் சட்டையில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இதற்குப் 'பரிமாற்றம்' என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. கை மாறினார், அவ்வளவுதான்.