முகத்தில் படியும் பெயர்

நாலரை மாதக் குழந்தைக்குப் பேச்சு வர இன்னும் பல மாதங்கள் ஆகும். ஆனால் தன் பெயரை அது அதற்குள் அடையாளம் கண்டுகொள்கிறது. 1995-இல் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பக்கவாட்டில் இருந்த ஒலிபெருக்கிகளில் பல பெயர்கள் மாறி மாறி ஒலித்தன. தன் பெயர் வந்தபோது குழந்தைகள் அந்தப் பக்கமே அதிக நேரம் திரும்பியிருந்தன. அதே ஓசையில் அமைந்த வேறொரு பெயருக்கு அவ்வளவு நேரம் திரும்பவில்லை.

பெரியவர்களிடமும் இந்தப் பிடி தளர்வதில்லை. 1959-இல் நெவில் மோரே நடத்திய சோதனையில், ஒரு காதில் கேட்பதை அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் மறு காதில் சில சொற்களை 35 முறை ஒலித்தும், அவை யார் நினைவிலும் நிற்கவில்லை. ஆனால் அதே காதில் சொந்தப் பெயர் வந்தபோது மூன்றில் ஒருவர் அதைக் கவனித்துவிட்டார். பெயர் மீதான பற்று அதன் எழுத்துகள் வரை போகிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசப் நுட்டின் 1985-இல் காட்டியது அதைத்தான்: பிடித்த எழுத்தைத் தேர்வு செய்யச் சொன்னால், காரணம் தெரியாமலே நம் பெயரில் உள்ள எழுத்துகள் பக்கம் சாய்கிறோம்.

இதைப் பிடித்துக்கொண்டு சிலர் வெகுதூரம் போனார்கள். டென்னிஸ் என்று பெயர் வைத்தவர்கள் 'டென்டிஸ்ட்' ஆகிறார்கள் என்று 2002-இல் ஓர் ஆய்வு சொன்னது, பத்திரிகைகளும் கொண்டாடின. 2011-இல் யூரி சைமன்சன் அந்தக் கணக்கைப் பிரித்து மேய்ந்தார். டென்னிஸ் என்பது ஒரு தலைமுறையில் பரவலாக இருந்த பெயர். அந்த வயதினர் நிறைந்த எந்தத் தொழிலிலும், வழக்கறிஞர்களிடையேகூட, டென்னிஸ்கள் அதிகமாகத்தான் இருப்பார்கள். எண் கணிதம் பார்த்துப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டுகிறவர்களுக்கும் இதுவே என் பதில். எழுத்துக்குள் சக்தி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. பெயர் செய்யும் வேலையில் பெரும்பகுதி, அதைக் கேட்பவர்களின் மனதில்தான் நடக்கிறது.

அதற்கு நான் கண்டதிலேயே வியப்பான சான்று 2017-இல் இஸ்ரேலிலிருந்து வந்தது. யோனத் ஸ்வெப்னரும் அவருடைய குழுவும், முன்பின் தெரியாத ஒருவரின் புகைப்படத்தைக் காட்டி, நாலைந்து பெயர்களைக் கொடுத்து, இவர் பெயர் இவற்றில் எது என்று கேட்டார்கள். குத்துமதிப்பாகச் சொன்னால் கிடைக்க வேண்டிய அளவைவிடச் சரியான விடைகள் தெளிவாகவே அதிகம் வந்தன. இஸ்ரேலியர்கள் இஸ்ரேலியப் பெயர்களைச் சரியாகச் சொன்னார்கள். பிரெஞ்சுப் பெயர்களில் தடுமாறினார்கள். பிரெஞ்சுக்காரர்களின் கதை இதற்கு நேர் எதிர். முகத்தை மறைத்து முடி அலங்காரத்தை மட்டும் காட்டியபோதும் பலர் சரியாகச் சொன்னார்கள். ஊரே செல்லப்பெயரில் மட்டும் கூப்பிடுகிற ஆட்களுக்கோ, பதிவேட்டில் உள்ள பெயர் முகத்தோடு பொருந்தவில்லை. வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று இரண்டு பெயர்களோடு வளர்கிற நம்மூர்ப் பிள்ளைகளை வைத்து இதைச் செய்து பார்த்தால் என்ன வரும் என்று அறிய எனக்குக் கொள்ளை ஆசை.

சரி, முகத்தைப் பார்த்துப் பெற்றோர் பொருத்தமான பெயரை வைத்தார்களா, இல்லை பெயருக்கு ஏற்ப முகம் மாறியதா? 2024-இல் அதே குழுவினர் இதற்கு விடை தேடினார்கள். ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகளின் படங்களை வைத்துக் கேட்டபோது குத்துமதிப்பைத் தாண்டிப் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பெரியவர்களின் படங்களில் முடிந்தது. குழந்தைகளின் முகத்தைக் கணினியில் பெரியவர் முகமாக மாற்றிப் பார்த்தும் பொருத்தம் வரவில்லை. ஆக, வயது மட்டும் இதைச் செய்வதில்லை. ஒரு பெயருக்கு இப்படித்தான் இருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு ஒரு சமூகத்தில் இருக்கிறது. அந்தக் கண்ணோடு பிறர் நம்மிடம் பழகுகிறார்கள். நாமும் அதற்கேற்பச் சிரிக்கவும், முடி வாரவும், உடுத்தவும் பழகிவிடுகிறோம். வருடக்கணக்கில் அது முகத்தில் படிந்துவிடுகிறது.

இதே எதிர்பார்ப்பு வேலை கொடுப்பவரின் மேசையில் உட்காரும்போது கொடியதாகிறது. மரியான் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகர வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 போலி விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதிகள் சமம், பெயர் மட்டும் வேறு. எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களுக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. லக்கீஷா, ஜமால் போன்ற கறுப்பினப் பெயர்களுக்கு அதே ஓர் அழைப்பைப் பெறப் பதினைந்து தேவைப்பட்டன. இது 2004-இல் வெளியானது. 2007-இல் வெளியான ஆய்வுக்காகச் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் இந்தியத் தனியார் வேலைகளுக்கு இதே முறையில் 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியம் மூன்றில் இரண்டு பங்கு; முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒன்று. படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைக்கு, ஆளைப் பார்ப்பதற்கு முன்பே கதவு சாத்தப்படுகிறது.

பெயர் பேசும் இந்தச் சேதியை அறுக்கத்தான் 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு இனிஷியலும் பெயரும் போதும். ஆனாலும் முதற்பெயரே மதத்தைச் சொல்லிவிடுகிறது. சாதி தெரியவில்லையென்றால், "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று விசாரணை தொடர்கிறது. மறைப்பதால் ஒரு கதவு திறக்கும். அடுத்த கதவில் கேள்வி காத்திருக்கும்.

அதனால் கேட்பவர் பக்கம்தான் மாற வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கு வழியில்லாமல் இல்லை. 2022-இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் 108 பெரிய நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 83,000 விண்ணப்பங்கள் போயின. பாகுபாடு எல்லா நிறுவனங்களிலும் ஒரே அளவில் இல்லை. கறுப்பினப் பெயர்கள் இழந்த அழைப்புகளில் சுமார் பாதிக்கு ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களே காரணம். ஆளெடுப்பை ஒவ்வொரு கிளை மேலாளரின் விருப்பத்துக்கும் விடாமல் ஒரே இடத்தில், ஒரே முறையில் நடத்திய நிறுவனங்களில் பெயரால் வந்த இடைவெளி குறைவாகவே இருந்தது.