அலமாரிக்கா, ஆட்டத்துக்கா?

பரிசு கொடுக்க சதுரங்க செட் கேட்டால், அம்பாரியும் ஒட்டகமுமாகச் செதுக்கிய காய்களைத்தான் கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பார். பார்க்க அம்சமாக இருக்கும். ஆட உட்கார்ந்தால்தான் வம்பு. கோட்டைக்கு யானை, மந்திரிக்கு ஒட்டகம், இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். பத்து நகர்த்தலுக்குள் மாற்றி எடுத்துவிடுவோம்.

1849-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ஸ்டான்டன் வடிவம் இன்றும் போட்டி மேசைகளில் இருக்கிறது. காயின் வெளிக்கோட்டைப் பார்த்தே எது என்று தெரிந்துவிடும் என்பதால்தான் அது நிலைத்தது. உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் பரிந்துரையில் ராஜா 9.5 செ.மீ., சிப்பாய் 5 செ.மீ. உயரம், அடிப்பாகத்தின் விட்டம் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம். வாங்கும்போது நான்கு சிப்பாய்களை ஒரே கட்டத்தில் நிறுத்திப் பாருங்கள். சரியாக அடங்கினால் பலகையும் காயும் பொருத்தம். பிதுங்கினால் நடு ஆட்டத்தில் கை பட்டுக் காய் சாயும்.

தாயக்கட்டையில் பிழை கண்ணுக்கே தெரியாது. ஒழுங்கான இரண்டு பித்தளைக் கட்டைகளில் தாயம் விழ 8-ல் 1 வாய்ப்பு. பூவேலைப்பாட்டுக்காக இழைத்த கட்டையில் குறுக்குவெட்டு சதுரமாக இல்லாமல் போகலாம். ஒரு ஜோடிப் பக்கம் 9 மி.மீ., மற்றது 8 மி.மீ. என்றால் அகலப் பக்கங்களில்தான் கட்டை அதிகம் படுக்கும். வெர்னியர் காலிப்பர் இல்லையா? ஒவ்வொரு கட்டையையும் தனியாக 100 முறை உருட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 25-ஐ ஒட்டி விழவேண்டும். 38-ஐத் தாண்டினால் அந்தக் கட்டை கொலுவுக்குப் போகட்டும்.

பல்லாங்குழிக்கு இன்னும் எளிய சோதனை: 12 புளியங்கொட்டையை ஒரே அள்ளில் எடுக்க வருகிறதா? அலங்காரப் பலகைகளில் குழி ஆழமில்லாமல், விளிம்பு கூராக இருக்கும்.

அதற்காக நல்ல பொருளே வீண் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் கையில் படுவதற்குச் செலவு செய்யலாம். 'ஸ்ப்ளெண்டர்' என்ற மேசை ஆட்டத்தின் 40 டோக்கன்களும் கேசினோ சில்லு மாதிரி கனமானவை. அடுக்குவதும் எண்ணுவதும் ஓயாமல் நடப்பதால் அந்தக் கனம் உதவுகிறது; அட்டையில் செய்திருந்தால் ஓரம் பிய்ந்திருக்கும். 'அசூல்' என்ற இன்னொரு மேசை ஆட்டத்தில் 100 டைல்களைத் துணிப்பையில் இருந்து பார்க்காமல் எடுக்கவேண்டும். ஒரு நிறத்துக்கு மட்டும் பெயின்ட் தடிப்பாக இருந்தால் விரல் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே தரம் என்பது நியாயம் சம்பந்தப்பட்டது.

கார்டுகளின் படத்தில் கவனிக்கவேண்டியது, எண்ணும் குறியும் ஓவியத்துக்குள் அமுங்கிப்போகிறதா என்பதே. கார்டை ஒரு கை தூரத்தில் வைத்து, இரவு விளக்கில் படியுங்கள். சிவப்பும் பச்சையும் நிறத்தால் மட்டும் வேறுபட்டால், நிறக்குறைபாடு உள்ளவர்கள் தடுமாறுவார்கள். கூடவே ஒரு வடிவக்குறி வேண்டும்.

கார்டுகளுக்கு ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) போடுவோருக்கு ஒரு கணக்கு: ஒரு பக்கத்துக்கு 100 மைக்ரான் என்றால் கார்டுக்கு 0.2 மி.மீ. கூடும். 90 கார்டுக்கு 18 மி.மீ.; பெட்டி மூடாது.

ஒரு பக்கம் பளபளக்கும் படலம் ஒட்டிய ஃபாயில் கார்டுகளைக் கடலோர ஊர்களில் தவிர்ப்பது நல்லது. ஈரக்காற்றில் காகிதப் பக்கம் விரியும், ஃபாயில் பக்கம் விரியாது, கார்டு வளையும். சாதாரணக் கார்டுகளோடு கலந்து கலைத்தால், வளைந்தது எது என்று முதுகுப்பக்கத்தைப் பார்த்தே எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஸ்லீவுக்குள் போட்டாலும் அந்த வளைவு மறையாது.