முதனிலையா, முதன்மையா? அமெரிக்காவின் ‘பிரைமரி’க்குத் தமிழில் என்ன பெயர்

2024 ஜனவரி கடைசி வாரம். அண்ணன் மகள் குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நடப்பு நிகழ்வுகளுக்காகச் செய்தித்தாளைப் புரட்டியவள், நியூ ஹாம்ப்ஷயர் முதன்மைத் தேர்தலில் டிரம்ப் வெற்றி என்ற வரியில் நின்றுவிட்டாள்.

“சித்தப்பா, மெயின்ஸே முடிஞ்சிடுச்சா? அப்போ நவம்பர்ல என்ன, இன்டர்வியூவா?”

சிரித்துவிட்டேன். ஆனால் தப்பு அவளுடையது இல்லை. நம் தேர்வாணையத்தின் மொழியில் முதல்நிலைத் தேர்வு என்றால் ப்ரிலிம்ஸ், முதன்மைத் தேர்வு என்றால் மெயின்ஸ். முதன்மைச் செயலாளர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று எங்கே பார்த்தாலும் ‘முதன்மை’ தலைமையைத்தான் குறிக்கிறது. அந்தச் சொல்லைத் தேர்தலுக்கு முன்னால் வைத்தால், படிப்பவர் அதைப் பிரதானத் தேர்தல் என்றுதான் எடுத்துக்கொள்வார். அமெரிக்காவில் நடப்பதோ நேர் எதிர். பிரைமரி என்பது பிரதானத் தேர்தலுக்கு முந்தைய தேர்தல். கட்சியின் சார்பில் யார் நிற்பது என்று முடிவு செய்யும் கட்டம்.

ஆங்கிலச் சொல்லுக்கே இந்த இரட்டைப் பொருள் உண்டு. லத்தீனில் ‘பிரைமஸ்’ என்றால் முதலாவது. அதிலிருந்து வந்தது ‘பிரைமாரியஸ்’. அது ஆங்கிலத்துக்குப் போனபோது வரிசையில் முதல், மதிப்பில் முதல் என இரண்டு பொருளையும் சுமந்துகொண்டு போனது. பிரைமரி ஸ்கூலைத் தமிழில் தொடக்கப்பள்ளி என்கிறோம். யாரும் முதன்மைப் பள்ளி என்பதில்லை. தேர்தல் விஷயத்தில் மட்டும் எப்படியோ கை தவறிவிட்டது.

தேர்தலில் இந்தச் சொல் எப்படி நுழைந்தது என்று பார்த்தால் குழப்பமே இருக்காது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஒவ்வொரு ஊரிலும் கட்சிக்காரர்கள் கூடி, அடுத்த கட்ட மாநாட்டுக்குப் போகும் பேராளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஊரிலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து மாநிலம், அங்கிருந்து தேசிய மாநாடு. ஏணியின் அடிப்படியான அந்த ஊர்க்கூட்டத்துக்குத்தான் பிரைமரி என்று பெயர். அது பெரும்பாலும் உள்ளூர்க் கட்சிப் பெரிய மனிதர்களின் பிடியில் இருந்தது. அதை உடைக்க, கூட்டத்தை எடுத்துவிட்டு வாக்குச்சீட்டை வைத்தார்கள். விஸ்கான்சின் மாநில ஆளுநராக இருந்த ராபர்ட் லஃபாலட் 1903இல் கொண்டுவந்த ‘நேரடி பிரைமரி’ சட்டம் இதில் முக்கியமான திருப்பம். கூட்டம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இங்கே இன்னொரு தமிழ்ப் பெயரையும் பார்த்துவிடலாம். ‘உட்கட்சித் தேர்தல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நம் ஊரில் அது வேறொன்று. கிளைச் செயலாளர் தொடங்கி மாவட்டச் செயலாளர் வரை பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கக் கட்சி தனக்குள் நடத்திக்கொள்வதுதான் இங்கே உட்கட்சித் தேர்தல். அமெரிக்க பிரைமரியைப் பெரும்பாலும் மாநில அரசே தன் செலவில், தன் வாக்குச்சாவடிகளில் நடத்துகிறது. கட்சி சேராதவர்களும் வாக்களிக்கலாம் என்ற மாநிலங்கள் உண்டு. நியூ ஹாம்ப்ஷயரில் எந்தக் கட்சியிலும் பதியாத ஒருவர் அன்று காலை எழுந்து எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளலாம். இதில் ‘உள்’ளும் இல்லை, சொல்லப்போனால் ‘கட்சி’யும் பாதிதான்.

ஜெர்மன்காரர்கள் இதை ‘ஃபோர்வால்’ என்கிறார்கள். நேராகச் சொன்னால் முன்தேர்தல். தொலைபேசி எண்ணுக்கு முன்னால் போடும் ஊர்க் குறியீட்டுக்கும் அவர்களிடம் இதே சொல்தான். தமிழில் முன்தேர்தல் என்றாலும் பொருள் சரியாக விழுகிறது. ஆனால் ‘முன்பு நடந்த தேர்தல்’ என்ற நிழலும் கூடவே வந்துவிடும். அதனால் என் ஓட்டு ‘முதனிலைத் தேர்தல்’ என்பதற்கு. தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கும் அதுதான் குழப்பமில்லாதது.

பெயர் சரி. அப்புறம், முதல்நிலை என்றால் அவ்வளவு முக்கியமில்லை என்று யாராவது நினைத்துவிடக் கூடாது. முதனிலைத் தேர்தல் எல்லா மாநிலங்களிலும் ஒரே நாளில் நடப்பதில்லை. ஜனவரியிலோ பிப்ரவரியிலோ தொடங்கி ஜூன் வரை வரிசையாக நடக்கும். அந்த வரிசையில் வழக்கமாக முதலில் வந்த அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் பேராளர் எண்ணிக்கையில் மிகச் சிறியவை. 2020இல் ஜனநாயகக் கட்சியில் தேர்தல் முடிவுக்குக் கட்டுப்பட்ட பேராளர்கள் 3,979 பேர். வேட்பாளராக 1,991 பேர் வேண்டும். அதில் அயோவாவின் பங்கு 41, நியூ ஹாம்ப்ஷயரின் பங்கு 24. கணக்குப்படி இது ஒன்றுமே இல்லை. ஆனால் அரை நூற்றாண்டாக எத்தனையோ பேரின் அதிபர் கனவு இந்த இரண்டு பனி மாநிலங்களிலேயே முடிந்திருக்கிறது.

இது ஒரே நாளில் வந்த பெருமை இல்லை. 1912இல் குடியரசுக் கட்சியின் முதனிலைத் தேர்தல்களில் பெரும்பாலானவற்றில் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஜெயித்தார். அதிபர் பதவியிலிருந்த டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹாயோவைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனாலும் மாநாட்டில் வேட்பாளரானவர் டாஃப்ட்தான். அன்றைக்கு முதனிலைத் தேர்தல் கருத்துக் கேட்பு மாதிரி. முடிவு மாநாட்டு மண்டபத்தில்.

நியூ ஹாம்ப்ஷயர் 1916இல் முதனிலைத் தேர்தலைத் தொடங்கியபோது மார்ச் மாதத்து ஊர்ப் பொதுக்கூட்ட நாளிலேயே வைத்துக்கொண்டது. மண்டபத்துக்கு ஒரு தடவை விறகு போட்டால் இரண்டு வேலையும் முடியும் என்ற சிக்கனம். 1920 முதல் நாட்டிலேயே முதலாவது அதுதான். சீட்டில் அதிபர் போட்டியாளர்களின் பெயர்களையே பார்த்து வாக்களிக்கும் முறை 1952இல் வந்த பிறகு, அந்தச் சிறிய மாநிலம் தன் வேலையைக் காட்டியது. குடியரசுக் கட்சியில், ஐரோப்பாவில் நேட்டோ படைத் தளபதியாக இருந்த ஐசனோவர், அந்த மாநிலத்தில் காலே வைக்காமல், மேலே சொன்ன டாஃப்டின் மகன் ராபர்ட் டாஃப்டைத் தோற்கடித்தார். மறுபக்கம் ஜனநாயகக் கட்சியில், பதவியிலிருந்த அதிபர் ட்ரூமன், எஸ்டெஸ் கெஃபாவர் என்ற செனட்டரிடம் தோற்றார். அந்த மாதம் முடிவதற்குள் மறுபடி நிற்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். கெஃபாவருக்கு வேட்பாளர் பதவி கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. மாநாடு அட்லாய் ஸ்டீவன்சனைத் தேர்ந்தெடுத்தது. முதலில் ஜெயித்தவர் மகுடம் சூடவில்லை, மகுடத்தோடு இருந்தவரை இறக்கிவிட்டார், அவ்வளவுதான்.

1968இல் இன்னும் விசித்திரம். நியூ ஹாம்ப்ஷயரில் அதிபர் ஜான்சன் சுமார் 49 விழுக்காடு, யூஜின் மெக்கார்த்தி சுமார் 42. ஜெயித்தவர் ஜான்சன். ஆனால் வியட்நாம் போரை எதிர்த்து நின்ற ஒரு செனட்டர், பதவியிலிருக்கும் அதிபருக்கு இவ்வளவு நெருங்கி வந்ததே தோல்வியாகப் படிக்கப்பட்டது. நான்கே நாளில் ராபர்ட் கென்னடி களத்தில் குதித்தார். மார்ச் 31 அன்று ஜான்சன் விலகினார். அந்த ஆண்டு சிகாகோ மாநாட்டில், ஒரு முதனிலைத் தேர்தலிலும் நிற்காத துணை அதிபர் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி வேட்பாளரானது கட்சிக்குள் பெரிய கொதிப்பைக் கிளப்பியது. அதன் விளைவாக வந்த மெக்கவர்ன்-ஃப்ரேசர் குழுவின் சீர்திருத்தங்கள்தான் பேராளர் தேர்வைத் தலைவர்கள் கையிலிருந்து வாக்காளர்கள் கைக்கு மாற்றின. இன்று நாம் பார்க்கும் முறை 1972இல்தான் பிறந்தது.

அயோவாவும் அப்போதுதான் வரிசையின் தலைக்கு வந்தது. அங்கே நடப்பது பிரைமரி இல்லை, ‘காக்கஸ்’. குளிர்கால இரவில் பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ கூடுவார்கள். ஜனநாயகக் கட்சியின் பழைய முறையில் இன்னாருடைய ஆட்கள் இந்த மூலைக்கு என்று பிரிந்து நின்று தலையை எண்ணுவார்கள். பெரும்பாலான இடங்களில் 15 விழுக்காடு தேறாத மூலை கலைந்துவிட வேண்டும். கலைந்தவர்களை மற்ற மூலைக்காரர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள். இந்தச் சொல்லின் வேர் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்: அல்கோன்கியப் பழங்குடி மொழியில் ஆலோசகரைக் குறிக்கும் சொல் என்பார் ஒருவர், குடிகிண்ணத்தைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல் என்பார் இன்னொருவர். உறுதியாகக் கையில் இருப்பது ஜான் ஆடம்ஸின் 1763ஆம் ஆண்டு நாட்குறிப்பு. பாஸ்டனில் ஒரு வீட்டின் பரணறையில் சிலர் கூடிப் புகைத்துக் குடித்து, ஊர்ப் பதவிகளுக்கு யார் யார் என்பதை ஊர் தேர்ந்தெடுக்கும் முன்பே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். இதற்கு ‘தேர்வுக் கூட்டம்’ என்ற பெயர் போதும். காக்கஸ் என்றே விட்டாலும் குற்றமில்லை.

ஆனால் இரண்டையும் ஒரே பெயரில் எழுதுவது குற்றம்தான். நியூ ஹாம்ப்ஷயர் சட்டப்படி, அதே மாதிரியான வேறெந்தத் தேர்தலுக்கும் குறைந்தது 7 நாள் முன்னதாக அதன் தேர்தல் நடக்க வேண்டும். அயோவா முந்திக்கொண்டும் சண்டை வராததற்குக் காரணம், அது ‘அதே மாதிரியான’ தேர்தல் இல்லை, வெறும் கூட்டம் என்பதுதான். அரை நூற்றாண்டு சமாதானம் ஒரு சொல் வேறுபாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இரண்டு பக்கமும் ‘முதன்மைத் தேர்தல்’ என்று மொழிபெயர்த்தால் வழக்கே புரியாது.

அயோவாவின் மதிப்பைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தியவர் ஜிம்மி கார்ட்டர். 1976இல் அங்கே அதிக ஆதரவு பெற்றது எந்த மனிதரும் இல்லை. இன்னும் யாருக்கும் உறுதி தரவில்லை என்ற பிரிவுக்கு சுமார் 37 விழுக்காடு. கார்ட்டருக்கு சுமார் 28. ஆனால் மனிதர்களில் முதலாவது அவர். ஜார்ஜியாவுக்கு வெளியே அதிகம் அறியப்படாத முன்னாள் ஆளுநர் மறுநாள் நாடு முழுக்கச் செய்தியானார். இங்கே தமிழ் ‘முதல்’ ஆங்கிலச் சொல்லைவிட ஒரு படி மேலே போகிறது. நமக்கு முதல் என்றால் வரிசையில் முதலாவது மட்டும் இல்லை, வியாபாரத்தில் போடும் பணமும் முதல்தான். அயோவாவில் கிடைத்தது கார்ட்டருக்கு அந்த இரண்டாவது வகை முதல். அதை வைத்து நன்கொடை திரட்டி, அடுத்த மாநிலத்தில் கடை விரித்து, வெள்ளை மாளிகை வரை போய்ச் சேர்ந்தார்.

இதை அமெரிக்கச் செய்தியாளர்கள் ‘மொமெண்டம்’ என்பார்கள். 1980இல் அயோவாவில் ரேகனை முந்திய மூத்த ஜார்ஜ் புஷ், அது என் பக்கம் வந்துவிட்டது என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தார். அடுத்த மாதம் நியூ ஹாம்ப்ஷயரில் ரேகன் இரண்டு மடங்குக்கு மேல் வாக்கு வாங்கி அந்தப் பேச்சை முடித்துவைத்தார். தமிழில் இதை ‘அலை’ என்று எழுதுகிறார்கள். அலை எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் அடிப்பது. இது ஒரு மாநிலத்திலிருந்து அடுத்ததுக்குத் தள்ளிக்கொண்டு போவது. பள்ளி இயற்பியலில் படித்த ‘உந்தம்’ இதற்கு அப்படியே பொருந்துகிறது.

உந்தம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2020ஐவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஜோ பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. ஆள் முடிந்தார் என்றே எழுதினார்கள். நான்காவது மாநிலமான தென் கரோலினாவில், ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்போரில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். அங்கே மக்கள் நம்பும் தலைவரான ஜேம்ஸ் க்ளைபர்ன் பிப்ரவரி 26 அன்று பைடனுக்கு ஆதரவு சொன்னார். 29ஆம் தேதி பைடனுக்குச் சுமார் 49 விழுக்காடு. மறுநாள் சக போட்டியாளர் பீட் புட்டிஜெஜ் விலகினார், அதற்கு மறுநாள் இன்னொரு போட்டியாளர் ஏமி க்ளோபுச்சார். இருவரும் பைடனுக்கே ஆதரவு கொடுத்தார்கள். மார்ச் 3, பல மாநிலங்கள் ஒன்றாக வாக்களிக்கும் ‘சூப்பர் செவ்வாய்’. 14 மாநிலங்களில் 10 பைடனுக்கு. அவர் பெரிதாகப் பிரசாரமே செய்யாத மினசோட்டாவும் மாசசூசெட்ஸும் அதில் சேர்த்தி. மூன்று நாளில் போட்டியின் முகமே மாறிவிட்டது. இத்தனைக்கும் 2008இல் இதே பைடன் அயோவாவில் 1 விழுக்காட்டைக்கூட எட்டாமல் அன்றிரவே மூட்டை கட்டியவர்.

முதல் மாநிலங்கள் யாரையும் வேட்பாளராக்குவது குறைவு. பத்துப் பேரை மூன்று பேராக்குவதுதான் அவற்றின் உண்மையான வேலை. இங்கேதான் தமிழுக்கு இன்னொரு சிக்கல். கட்சிக்குள் போட்டியிடுபவரும் வேட்பாளர், கட்சி கடைசியில் அறிவிப்பவரும் வேட்பாளர். அதிபர் வேட்பாளர் பந்தயத்திலிருந்து அதிபர் வேட்பாளர் விலகினார் என்றெல்லாம் எழுத வேண்டிவருகிறது. ‘வேட்பு’ என்றால் விருப்பம். விரும்பி நிற்பவர் எல்லோரும் வேட்பாளர்தான், சொல்லில் பிழையில்லை. ஆனால் முதனிலைக் கட்டத்தில் இருப்பவரைப் ‘போட்டியாளர்’ என்றும், கட்சி தேர்ந்தெடுத்தவரை மட்டும் ‘வேட்பாளர்’ என்றும் வைத்துக்கொண்டால் செய்தி தெளிவாகிவிடும்.

இதையெல்லாம் அண்ணன் மகளுக்குத் தவணை தவணையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜூலையில் அவளே போன் செய்தாள். முதனிலைத் தேர்தல்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஜெயித்திருந்த பைடன் 21ஆம் தேதி விலகிவிட்டார். சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், 2020 தேர்தலுக்குப் போட்டியாளராக இறங்கி, அயோவா கூடுவதற்கு இரண்டு மாதம் முன்பே, 2019 டிசம்பரில், விலகியவர். இப்போது பைடனுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த பேராளர்களின் வாக்கால் ஆகஸ்ட் தொடக்கத்தில் வேட்பாளராகிவிட்டார்.

“அப்போ அவங்க ப்ரிலிம்ஸே எழுதாம நேரா மெயின்ஸுக்குப் போறாங்களா, சித்தப்பா?”

ஆமாம் என்றேன்.

“எனக்கும் அப்படி ஒரு ரூல் இருந்தா நல்லா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.